பத்தொன்பது மில்லிமீட்டர்

ஏப்ரல் முதற்கிழமை.
பனிக்காலம் முடிந்தது என்று
ஹமில்டனில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
சொன்னால் அதற்குக் கேட்டுவிடும்.

நகரசபை எனக்குத் தந்தவை
ஆரஞ்சு மேலங்கி, இளஞ்சிவப்புச் சாயக் குப்பி,
படிப்படியாக அளவு குறித்த ஓர் அலுமினிய ஆப்பு.
இரண்டு சிமெந்துப் பலகைகள் சந்திக்கும் இடத்தில்
ஒன்று மற்றதைவிட
இருபது மில்லிமீட்டர் எழும்பியிருந்தால் அது பழுது.
பத்தொன்பது என்றால் நடைபாதை.

நாளுக்குப் பதினொரு கிலோமீட்டர் குனிந்தே நடக்கிறேன்.
வாசலைப் பார்த்து வீடு அடையாளம் தெரியாது எனக்கு.
செதில் உதிர்ந்த வீடு,
மூலை நொறுங்கிய வீடு,
ஈரச் சிமெந்தில் ஒரு நாய் ஓடிப்போன வீடு.
அந்த நாய் செத்து முப்பது வருடமாவது இருக்கும்.
நாலு காற்சுவடுகளில் மூன்றை உறைபனி தின்றுவிட்டது.
ஒன்று இன்னும் ஓடுகிறது.

கடுங்குளிர்தான் இதையெல்லாம் உடைக்கிறது என்று நினைத்திருந்தேன்.
இல்லை.
ஜனவரியில் மைனஸ் இருபதில் கிடந்தாலும்
சிமெந்து பேசாமல் கிடக்கும், உள்ளே உறைந்த நீரும் அப்படியே.
உடைப்பது மார்ச்.
மதியம் நாலு, இரவு மைனஸ் மூன்று,
மறுபடி நாலு.
போகிறேன் என்றும் போகமாட்டேன் என்றும்
ஒரே நாளில் இரண்டு தரம் சொல்லும் மாதம்.
மயிரிழை வெடிப்பில் ஒரு சொட்டு இறங்கி, உறைந்து,
கொஞ்சம் இடம் கேட்டுத் தோளால் இடிக்கும்.
உருகி, இடித்த இடத்துக்குள் இன்னும் கீழே இறங்கும்.
அதன்பிறகு கேட்பதில்லை.

118ஆம் இலக்கத்து யூரிச்,
உருக்காலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்,
குளிர்காலம் முழுக்க வாளியோடு நிற்பார்.
கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி உப்பு வீசுவார்
தன் படியில், பக்கத்து வீட்டுப் படியில்,
தபால்காரி வருகிற வழியெல்லாம்.
இப்போது அவருடைய படியின் மேல்தோல்
அப்பளமாய்க் கழன்று உள்ளே சரளை தெரிகிறது.
"ஒருத்தரும் விழவில்லை, பார்," என்கிறார்.
உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கவேண்டும்.
சிமெந்தும்தான்.
தின்ற உப்புக்குக் குடித்துக்கொண்டே இருக்கிறது.
குடித்ததெல்லாம் இரவில் உறைகிறது.
இதை அவருக்கு எந்த மொழியில் சொல்வது?
படி உங்கள் சொந்தச் சொத்து,
நகரசபை பார்க்காது என்று மட்டும் சொன்னேன்.

அவர் வேலி முடிகிற இடத்தில்
மேப்பிள் வேர் தூக்கிய ஒரு பலகை.
ஆப்பை வைத்தேன். பத்தொன்பது.
மண்ணை ஊதிவிட்டு வைத்தேன்.
பத்தொன்பது.

அப்போதுதான் பெர்னடெட் லாலோண்ட் வந்தாள்,
சக்கர நடைவண்டியில் ஒரு பை பாலும் ஒரு ரொட்டியும்.
பலகைக்கு ஓர் அடி முன்னால் நின்றாள்.
பிரேக் பிடித்தாள். மூச்சு எடுத்தாள்.
மாடி ஏறுகிறவள் போல
முன்சக்கரங்களைத் தூக்கி வைத்தாள்.
பின்சக்கரம் இடித்தது.
"ஸாரி," என்றாள்.
எனக்கில்லை, சிமெந்துக்கு.

அவள் போனபிறகு சப்பாத்தால் தேய்த்துப் பார்த்தேன்.
மணலுக்கடியில் போன வருடத்து அம்புக்குறி,
வெளிறி, முனை மட்டும் மிச்சமாய்.
பதிவேட்டில் அந்த இடத்துக்கு எதிரே ஒன்றுமில்லை.
யாரோ இங்கே நின்று, குனிந்து,
சாயத்தை அடித்துவிட்டு
எழுதப் பயந்து போயிருக்கிறார்கள்.

நான் எழுதினேன். இருபது.
அம்பும் அடித்தேன், தடிப்பாக.
பொய்தான்.
இன்றிரவு மைனஸ் இரண்டு என்கிறது வானொலி,
நாளை மதியம் ஆறாம்.
வேரும் சும்மா இருக்காது.
இதைத் தேய்த்து மட்டமாக்க ஆள் வருமுன்
இன்னொரு மார்ச் வரும்,
வந்து
என் கணக்கைச் சரிசெய்து வைக்கும்.